அப்பாவின் பெயரில் ஓர் ஊர்

அந்தப் பெயரில் எங்கள் கம்பெனியில் யாரும் கிடையாது என்று கேட்டில் இருந்த செக்யூரிட்டி அடித்துச் சொல்லிவிட்டார். காரிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, இவரைத்தான் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப விரலால் தட்டிக் காட்டுகிறார். செக்யூரிட்டி முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளியும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல நம்மகிட்ட வெள்ளைக்காரங்க யாரும் வேலை செய்யறதில்லீங்களே" என்று அந்த மனிதரிடம் தமிழிலேயே சொன்னார். நான் அவர்களுக்குப் பத்தடி பின்னால் சாம்பிள் பையோடு நின்றுகொண்டிருந்தேன். வருகிறவரை வரவேற்கத்தான் என்னை நிறுத்தியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தாளில் இருந்தது என் பெயர். சரியாகச் சொன்னால், என் அப்பாவின் பெயர்.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில். வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அதாவது பையருக்கு, மெயில் அனுப்புவது, சாம்பிள் அனுப்புவது, சரக்கு தாமதமானால் நம்பும்படியாக ஒரு காரணம் கண்டுபிடிப்பது, இவைதான் என் வேலை. கம்பெனியில் என்னை என் சொந்தப் பெயரில்தான் தெரியும். அப்பாவின் பெயர் அதற்கு முன்னால் இனிஷியலாக, ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியுமாக நின்றது. பையரின் இங்கிலாந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்னைப் பதியும்போது கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. ஒற்றை எழுத்தைப் போட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை. சரி, போ என்று எழுத்தை விரித்து அப்பாவின் பெயரை முழுதாக அடித்துவிட்டேன். அது சுத்தமான இங்கிலீஷ் குடும்பப் பெயர். அன்றிலிருந்து, குழந்தைகள் பைஜாமாவுக்கு எந்தக் கலரில் பட்டன் வைப்பது என்று தனக்குப் பதில் எழுதுவது திருப்பூரிலேயே தங்கிவிட்ட ஓர் இங்கிலீஷ்காரன் என்றுதான் கேட்டில் நின்ற அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் வாயைத் திறக்காமல் காப்பாற்றி வந்த பெயர் அது. அதை நான் அச்சில் போட்டு ஊர் சிரிக்க வைப்பது நியாயமில்லை.

எங்கள் பூர்வீகம் தெற்கே, செம்மணல் குன்றுகளான தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவின் தாத்தா, அதாவது அவருடைய அம்மாவின் அப்பா, ஞானஸ்நானம் வாங்கியபோது, கொடுத்த பாதிரியாரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பாதிரியாருக்கு முதல் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி எல்லோரும் அவரை அழைத்தார்களோ, அந்தக் குடும்பப் பெயரை அப்படியே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு தாத்தா பெயர் பேரனுக்கு என்ற முறையில் அது அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

பெயருக்கு அர்த்தம் 'மேய்ப்பன்' என்று ஊர்ச் சபையில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் சொல்லியிருந்தாராம். அப்பா அதை முழுசாக நம்பினார். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரியும், முதலிலிருந்து கடைசி வரை தேடியிருக்கிறார். இங்கிலீஷில் இருக்கும் என்றார். நான் காலேஜ் சேர்ந்த வருஷம் இங்கிலீஷ் வேதாகமம் ஒன்று வாங்கி வந்து, அதிலும் இல்லையே அப்பா என்றேன். கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப மூல பாஷையில இருக்கும்லா" என்றார். மூல பாஷைக்கு நான் எங்கே போவேன்?

அப்பாவுக்கு அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியில் அயர்ன் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே துணி தேய்த்தவர். அந்தக் கம்பெனியில் யாருக்கும் அவர் பெயர் வாயில் வராது. "திருநெல்வேலிக்காரரே, இந்த லாட்டை முடிச்சுக் குடுத்துருங்க" என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், அது வேறு விஷயம். ஆலயப் பண்டிகைக்கு ஊருக்குப் போனாலோ, "திருப்பூர்க்காரன் வந்துட்டான்" என்பார்கள். இரண்டு ஊரிலும் அவருக்கு மற்ற ஊரின் பெயர்தான்.

அம்மாவும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் எழுதத் தெரியாமல் மூன்று முறை அடித்துத் திருத்தினார். வரிசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்குக் கடைசி வரை அப்பா "இந்தா பாருங்க"தான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. வருஷத்தில் ஒருநாள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை அப்பாவுக்கு வரும். குருவானவர் மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்கு அப்பா தன் வெள்ளைச் சட்டையை இரண்டு முறை தேய்ப்பார்.

அதனால்தான் எனக்கு முதல் பிள்ளை ஆணாகப் பிறந்ததும், "பேரு ரெடியாத்தான இருக்கு" என்று அப்பா அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் என் மனைவி வாயே திறக்கவில்லை. அவள் வீட்டாரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான், அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருப்பூர். அப்பா வேலைக்குப் போன பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, வேற பேர் வச்சுக்கலாங்களா?"

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் சொன்னேன்."

"சும்மா யாராவது வேண்டாம்பாங்களா?"

கொஞ்ச நேரம் குழந்தையின் கால் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அதுக்கு அர்த்தமே என்னன்னு தெரியலீங்களே" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் அப்பா பெயருக்கு இவள் அர்த்தம் கேட்கிறாளா? அர்த்தம் நல்லதாக இருந்தால் சம்மதமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பெண்களின் மௌனத்தை நான் ஒருநாளும் சரியாகப் படித்ததில்லை என்பது வேறு கதை. ஞானஸ்நானத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று குருவானவர் சொல்லியிருந்தார்.

பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மணி நேரம் தேடினேன். அந்தப் பெயரில் ஒரு வக்கீல் ஆபீஸ் வந்தது, ஒரு நாய்ப் பண்ணை வந்தது, பனியில் நனைந்த கல்லறைகள் வரிசையாக வந்தன. அப்பாவின் பெயரைக் கல்லறையில் வெட்டியிருப்பதைப் பார்த்த பிறகு மேலே தேட மனம் வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். மேய்ப்பன் எங்கேயும் தட்டுப்படவில்லை.

அந்த வாரத்தில்தான் வெள்ளைக்காரர் வந்து கேட்டில் நின்றார். ஷிப்மெண்டுக்கு முன்னால் சரக்கைச் சோதித்துப் பார்க்க பையர் கம்பெனி அனுப்பிய ஆள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அந்தக் கடைசிப் பெயருக்குச் சொந்தக்காரன் நான்தான் என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சத்தமாகச் சிரித்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலை முழுக்கப் பெட்டிகளை உடைத்து, பைஜாமாவை இழுத்து இழுத்து டேப் வைத்து அளந்தார். மதியச் சாப்பாட்டின்போது என்னால் அடக்க முடியவில்லை. இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டேன்.

அவர் தயிர் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். அது ஆள் பெயரே இல்லையாம். ஓர் ஊரின் பெயராம். அவர் வீட்டிலிருந்து காரில் போனால் பக்கம்தானாம். பின்பாதிக்குப் பழைய பாஷையில் மேடு என்று அர்த்தம்.

"முன்பாதிக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பன்றி" என்றார்.

அந்தக் காலத்தில் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போய் மேய விட்ட மேடு. அதுதான் ஊர், அதுதான் பெயர். மூல பாஷையில் இருக்கும் என்று அப்பா சொன்னது பலித்துவிட்டது. நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து மேலே மேலே சொல்லிக்கொண்டு போனார். அங்கே இப்போது பன்றி எதுவும் இல்லை, வீடுகளும் ஒரு கார் நிறுத்தமும்தான் என்றார். அவர் சொன்னதில் இன்னொன்றுதான் மனதில் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரிலேயே இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வரவில்லையாம். எல்லோருமே அந்த ஊர் என்றால் யாரை அந்த ஊர்க்காரன் என்று கூப்பிடுவது? ஊரை விட்டு வெளியூர் போய்ப் பிழைத்தவனைத்தான் போன இடத்தில் உள்ளவர்கள் ஊர்ப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அதுவே அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடர்ந்ததாம்.

யாரோ ஒருவன் என்றைக்கோ பன்றி மேட்டை விட்டுப் பிழைக்கப் போயிருக்கிறான். அவன் வழியில் வந்த ஒருவர் கப்பலேறித் தேரிக்காட்டுக்கு வந்திருக்கிறார். அவரிடம் வாங்கிய பெயரோடு என் அப்பா பிழைக்கத் திருப்பூர் வந்து, இங்கே திருநெல்வேலிக்காரராகி நிற்கிறார். இதில் யார் எந்த ஊர்? என் பிள்ளைக்கு நான் வைக்கப்போவது யாருடைய ஊர்? இதை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் சிக்குத்தான் விழுந்தது.

வெள்ளைக்காரரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்ததும் முதலாளி பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, அந்தாளு சோத்தக்கூடத் திங்காம உங்ககிட்ட என்னமோ சொல்லிட்டே இருந்தாருங்களே, என்ன விசயங்க?"

சரக்கைப் பற்றிக் குறை சொன்னாரோ என்று அவருக்குப் பயம். விஷயத்தைச் சொன்னேன். பன்றியையும் சொல்லிவிட்டேன், மறைக்கத் தோன்றவில்லை. அவர் சிரிக்கவே இல்லை.

"தோட்டத்துப் பேராட்டந்தான் இருக்குதுங்க. எங்க தோட்டம் நரிப்பள்ளம், அதனால எங்களையே இன்னும் நரிப்பள்ளத்தாருன்னுதானுங்க சொல்லுவாங்க. நரி எங்கீங்க இருக்குது? பள்ளத்துல இப்ப சாயப்பட்டறை நிக்குது. எங்கம்மா அவங்க மாமனார் பேரை இன்னைக்கு வரைக்கும் வாயில சொன்னதில்லீங்க. நரிப்பள்ளத்து மாமாம்பாங்க. ஊர்ப் பேரச் சொன்னாக் குத்தமில்லை பாருங்க" என்று சொல்லிவிட்டு, பேக்கிங்கில் யாரையோ சத்தம் போட உள்ளே போனார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பன்றியை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே என் கவலை. வழியெல்லாம் வண்டியில் பொய்களைத் தயார் செய்துகொண்டே போனேன். 'மலை' என்று மட்டும் சொல்லிவிடலாமா? 'பசும்புல் மேடு' என்று கொஞ்சம் பூசி மெழுகலாமா? தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிற வேலையில் ஐந்து வருஷம் இருந்தவன் நான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அந்தப் பழக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குக் கோபம் வரும்போதுதான் கவனித்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அர்த்தம் யாருக்குங்க வேணும்? பன்னியோ ஆடோ, எனக்கென்னங்க? மாமா பேர வச்சீங்கன்னா என் புள்ளைய நான் என்னன்னு கூப்புடுவேன்? அவன் விழுந்தா என்னன்னு கத்துவேன்? பக்கத்து ஊட்டுப் புள்ளையாட்டம் 'தம்பி, தம்பி'ன்னு கூப்புடறதுங்களா? உங்கம்மா ஆசுபத்திரியிலகூட சொல்லலைன்னு நீங்கதான சொன்னீங்க. நான் மட்டும் எப்படிங்க சொல்றது?"

அவள் பேசி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் அர்த்தத்தைத் தேடி இங்கிலாந்து வரை போயிருக்கிறேன். இவள் கேட்டது, தன் பிள்ளையைத் தான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்பதை மட்டும். அர்த்தம் தெரியவில்லை என்று சொன்னது, மாமனார் பெயரைச் சொல்ல முடியாது என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு.

அப்போதுதான் முதலாளி சொன்னது மண்டையில் ஏறியது. நரிப்பள்ளத்து மாமா கதையைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப இது மாமா பேரு இல்லீங்களா? ஊர்ப் பேருங்களா?"

"ஊர்ப் பேருதான். அந்த வெள்ளைக்காரரே சொல்லிட்டுப் போயிருக்காரு."

"ஊர்ப் பேருன்னா சொல்லலாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவரவர் வழக்கத்துக்கு அவரவர்தான் நீதிபதி. இதில் தீர்ப்புச் சொல்லக் கூடியவர் அப்பா ஒருவர்தான். அவரைக் கேட்பதென்றால் பன்றியை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

பெயர் எழுதிக் கொடுக்க வேண்டிய ஞாயிறு அன்று, ஆலயத்துக்குக் கிளம்பும் முன் சொன்னேன். அப்பா சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயர் என்பதைச் சொன்னேன். மேடு என்பதைச் சொன்னேன். பன்றியைச் சொல்லும்போது அயர்ன் பெட்டி ஒரே இடத்தில் நின்றது. சட்டை கருகிவிடுமோ என்று நான் அதையே பார்த்தேன். பிறகு பெட்டி நகர்ந்தது.

"மேய்ச்சல் இருக்குல்லா?" என்றார்.

"இருக்குப்பா. பன்னி மேய்ச்ச இடம்."

"அப்ப உபதேசியார் சொன்னது பாதி சரிதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். என் மனைவியின் சங்கடத்தை அவள் காதில் விழாதபடி சொன்னேன். தலையை ஆட்டினார். "ஊர்ப் பேருதான? சொல்லட்டும். ஊர்ப் பேரச் சொல்லதுக்கு என்ன?"

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சட்டையைப் போட்டுப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பட்டனில் நிறுத்தினார்.

"அப்ப எனக்குப் பேரே இல்லையால?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைக் கேட்டார். நான் படித்தவன், இங்கிலீஷில் மெயில் எழுதுகிறவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லிச் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. நல்ல விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்து வந்து, அப்பாவிடம் இருந்த ஒரே பொருளைப் பிடுங்கிவிட்டேனோ என்று பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதிலும் மனது நிற்கவில்லை.

பெயரை எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. குருவானவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்தபோது பிள்ளை வீறிட்டான். அப்பா முன்வரிசையில் தலை குனிந்து நின்றார். முகம் தெரியவில்லை.

ஆனால் என் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அனுமதி கிடைத்தும் நாக்கு எழவில்லை. "குட்டி" என்றாள், "ராசா" என்றாள், "ஏய் வாலு" என்றாள். கூப்பிடலாமே என்று நான் சொன்னால், "வரமாட்டேங்குதுங்க" என்பாள். அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. தனக்குப் பெயரே இல்லையா என்ற அந்தக் கேள்வியையும் அவர் மறுபடி கேட்கவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான். இத்தனை பாடும் வீண் என்று நான் அலுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை. அப்பா தரையில் போர்வை விரித்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவர், கரண்ட் போய்விட்டது என்று பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனார். நான் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி அலறினாள். பிள்ளை அயர்ன் பெட்டிக்கு ஒரு முழம் தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அவள் அலறியது அந்தப் பெயரை. முழுப் பெயரையும், தொண்டை கிழிய, ஒரே வரிசையில் ஒட்டி நின்ற எங்கள் லைன் வீடுகள் எட்டுக்கும் கேட்கும்படி.

பிள்ளை திடுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் பாய்ந்து தூக்கினேன். வெளியே குடம் கீழே விழும் சத்தம் கேட்டது. அப்பா ஈரக் காலோடு வாசலுக்கு ஓடி வந்து, "என்னம்மா?" என்றார்.

என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, மன்னிச்சுக்குங்க. உங்களை இல்லீங்க. புள்ளையத்தான்…"

"தெரியும்மா, தெரியும்" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "எங்கம்மா போன பொறவு ஒரு பொம்பளையும் இப்படிக் கூப்பிடல. அதான், என்னையறியாம வந்துட்டேன்."

உள்ளே வந்து அயர்ன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, எட்டாத உயரத்தில் வைத்தார். தெருவில் குடத்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடத்தை எடுக்கப் போகாமல், அவள் இன்னொரு தரம் கூப்பிடுவாளோ என்பதுபோல் வாசலுக்கு வந்து அங்கேயே நின்றார்.